கியரில் கிடந்த வண்டி

பிளக்குகளைக் கழற்று, பெட்ரோலை நிறுத்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதி, ஸ்டார்ட்டரைச் சுழற்று, கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுது. எஞ்சினுக்குள் அழுத்தம் அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் என்றால் இவ்வளவுதானே என்று உங்களில் பலர் என்னிடமே கேட்டிருக்கிறீர்கள். கேட்ட தொனியில், இதற்குப் போய் ஒரு மனிதர் ஆயுள் முழுக்க வகுப்பெடுத்தாரே என்ற இரக்கமும் இருந்தது. நான் மறுத்ததில்லை. சுலபமான வேலைதான். அதனால்தான் கைப்பேசியில் வீடியோ பார்த்து வீட்டுக் கொட்டகையிலேயே செய்துகொள்கிறார்கள்.

சர்வீஸ் கையேட்டில் அந்த வேலை தொடங்கும் முன் நான்கு வரி இருக்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்தவும். நியூட்ரலில் போடவும். ஹேண்ட்பிரேக்கை இழுக்கவும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து அணை கொடுக்கவும். இந்த நான்கு வரியைப் படித்த ஒரு மெக்கானிக்கையும் நான் கண்டதில்லை. மடையர்களுக்காக எழுதியது என்று நினைத்து ஐந்தாவது வரியில் தொடங்குவார்கள். உங்கள் சர்வீஸ் சென்டர் தரை கண்ணாடி போல் மட்டமாக இருப்பதால் அது செல்லுபடியாகிறது. நீங்கள் பிழைத்திருப்பதற்கு உங்கள் திறமை காரணமல்ல, கொத்தனார் காரணம்.

இனி நான் சொல்லப்போவது நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்தது. எருத்தேன்பதியில் சும்மாதான் இருந்தேன். மூணாறில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் பையன், என் வகுப்பில் படித்துப்போனவன், ஒரு நாள் கூப்பிட்டான்.

"சார், ஒரு ஸ்போர்ட்ஸ் காருங்க. வட்டவடைக்குப் போற வழியில ஒரு ஹோம்ஸ்டேல நிக்குது. எஞ்சின் பாத்துச் சொல்லணும்னு அந்த வீட்டம்மா கேக்கறாங்க. நீங்க வந்தா நல்லாருக்குமுங்க."

"நீ பக்கத்துலதானே இருக்கறே? போய்ப் பாக்க வேண்டீதுதானே?"

"எனக்குப் பயமா இருக்குதுங்க சார்."

"ஏன்டா, பல்லு இருக்குதா அதுக்கு?"

"ஆளக் கொன்னுருக்குதுங்க."

"எல்லாக் காருந்தான் கொல்லுது."

"பேட்டரி இல்லாமயாங்க சார்?"

மறுநாள் காலையில் கிளம்பிவிட்டேன்.

உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாக ஏறி நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. தேயிலைச் சரிவுக்கு நடுவே ஓட்டு வீடு. அதை ஒட்டி எஸ்டேட் காலத்துப் பூச்சிமருந்துக் கொட்டகை. என் வண்டியை வாசலில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். ஜீப் மேல் சாய்ந்து நின்றிருந்த ஒருவர் நான் இறங்கும் விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாருக்கு எந்த ஊரு?"

"எருத்தேன்பதிங்க. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம்."

"அதான். ஹேண்ட்பிரேக்க இழுத்துட்டு எறங்குதீய. இங்க மஞ்சுல அது பிடிச்சிக்கிட்டா நாளைக்கு வண்டி அசையாது. கியர்ல போட்டு ஒரு கல்ல வைங்க, போதும்."

"ரெண்டையும் செஞ்சா என்னங்க ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. பாக்கிறவன் சிரிப்பான்."

சொல்லிக்கொண்டே ஒரு கல்லை எடுத்து வந்து என் முன்சக்கரத்துக்குக் கீழே உதைத்துச் செருகினார். அந்த மலையில் எல்லோருக்கும் இதுதான் பழக்கம். மஞ்சு என்கிற மூடுபனியின் ஈரத்தில் பிரேக் இறுகிக்கொள்ளும் என்பதால் ஹேண்ட்பிரேக்கை யாரும் தொடுவதில்லை. வண்டியைப் பிடித்து வைப்பது கியர், துணைக்கு ஒரு கல். கல் யாருக்கும் சொந்தமில்லை. தேவைப்பட்டவன் அருகில் கிடப்பதை எடுத்துக்கொள்வான்.

அவர் பெயர் சுடலைமுத்து. ஹோம்ஸ்டே விருந்தாளிகளுக்கு ஜீப் ஓட்டுபவர். இந்தச் சாவுக்காக ஒவ்வொரு வாரமும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவர் அவர்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வீட்டுக்காரம்மா முத்துலட்சுமி உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். சுடலைக்கு உரிய டம்ளரை வாசல் கட்டையில் கொண்டுபோய் வைத்தார். அவர் வந்து எடுத்துக்கொண்டு மறுபடி ஜீப்பிடம் போனார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"முன்ன அடுப்படி வரைக்கும் வந்து மதினி, சோறுன்னு நிப்பான்," என்றார் முத்துலட்சுமி. "இப்ப வாசலத் தாண்டுததில்ல. நானும் கூப்பிடல. ஆனா வேலைய விட்டு நிப்பாட்டவும் இல்ல. கண்ணு முன்னாடியே கெடக்கட்டும்னு வச்சிருக்கேன்."

நடந்ததை அவர் சொன்னார். கணவர் துரைராஜ், எஸ்டேட் லைன் வீடுகளில் பிறந்து, வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பி ஹோம்ஸ்டே வைத்தவர். வரும்போது ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரையும் வாங்கி வந்தார். இரண்டே இருக்கை, கரும்பச்சை, தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு. மலையேற்றத்தில் அடி தட்டுகிறது என்று கொட்டகையில் விட்டவர் மாதக்கணக்கில் எடுக்கவில்லை. பிறகுதான் அது நகரத் தொடங்கியது.

"ராத்திரி நகரும் சார். கியர்லதான் போட்டிருக்கும். காலையில பாத்தா ரெண்டு விரக்கடை முன்னால நிக்கும். அவுக சாக்பீஸ்ல கோடு போட்டாக. மறுநாளு கோட்டத் தாண்டி நிக்கி. கொட்டகைக்குச் சாவி ஒண்ணுதான், அது எங்க தலமாட்டுல கெடக்கும். லைன்ல இருந்து வந்து எலுமிச்சம்பழம் கட்டுனாக. இவுக சிரிச்சாக. பேய்க்கு லைசென்ஸ் இருக்கான்னு கேட்டாக."

துரைராஜ் சிரித்ததோடு நிற்கவில்லை. யோசித்தார். கியரில் கிடக்கும் வண்டி நகர்கிறது என்றால் எஞ்சினுக்குள் அழுத்தம் கசிகிறது என்று சரியாகவே கண்டுபிடித்தார். கம்ப்ரெஷன் கேஜ் வரவழைத்தார். ஒரு நாள் காலையில் கொட்டகைக்குள் போய், எல்லாப் பிளக்குகளையும் கழற்றினார். காரில் இருந்த பேட்டரி செத்துப்போயிருந்ததால் அதையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு, ஜீப் பேட்டரியைக் கழற்றிக் கொண்டு வா என்று சுடலையிடம் சொன்னார். சுடலை பேட்டரியோடு திரும்பி வந்தபோது, காரின் மூக்குக்கும் பின்சுவருக்கும் நடுவே துரைராஜ் உட்கார்ந்த நிலையில் நசுங்கியிருந்தார். கையில் பிளக் கழற்றும் சாக்கெட் இருந்தது.

அதற்கு முந்தின நாள் கடைத்தெருவில் இருவருக்கும் வாய்த்தகராறு. இந்த வண்டியைப் பார்த்துப் பயந்து விருந்தாளிகள் திரும்பிப் போகிறார்கள், என் ஜீப்புக்கு ஓட்டமில்லை என்று சுடலை கத்தியிருக்கிறார். "அந்த வண்டிதான் ஒரு நா ஒம்ம கொண்டுட்டுப் போகும், பாத்துக்கிடும்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லியும் இருக்கிறார்.

பார்வையிட வந்த தொழில்நுட்ப அதிகாரி எழுதிக் கொடுத்தது இது: வண்டியில் பேட்டரி இல்லை. எஞ்சின் இயங்கும் நிலையில் இல்லை. வண்டி கியரில் இருந்தது. ஆகவே தானாக நகர வாய்ப்பில்லை. முதல் மூன்றும் சத்தியம். தப்பு முழுவதும் கடைசியில் சேர்ந்திருந்தது. தானாக நகரவில்லை என்றால் யாரோ நியூட்ரலில் தள்ளிவிட்டுப் பிறகு கியரில் போட்டிருக்க வேண்டும். அங்கே இருந்தது ஒரே ஆள். ஸ்டேஷன் அத்தோடு யோசிப்பதை நிறுத்திக்கொண்டது.

"பேயின்னு சொல்லுததுக்கு இங்க ஆளு இருக்கு சார்," என்றார் முத்துலட்சுமி. "சுடலைதான் தள்ளுனான்னு சொல்லுததுக்கும் ஆளு இருக்கு. நீங்க அது எப்பிடி நகந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. இவன் மூஞ்சியில நான் முழிக்கவா வேண்டாமான்னு எனக்குத் தெரியணும்."

கொட்டகைக்குள் சுடலை விளக்குப் பிடித்துக்கொண்டு வந்தார். பகல்தான், ஆனால் மஞ்சு இறங்கி வாசலை அடைத்திருந்தது. தரையைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். மருந்து கழுவிவிடுவதற்காகக் கட்டிய தரை. கதவிலிருந்து பின்சுவர் வரைக்கும் நல்ல சரிவு, சுவரோரம் ஒரு கால்வாய். கார் மூக்கைச் சுவர்ப் பக்கம் வைத்து நின்றது. சம்பவத்துக்குப் பிறகு யாரோ அதைப் பின்னுக்கு இழுத்து, பயந்துபோய் நான்கு சக்கரத்துக்கும் செங்கல் அடுக்கியிருந்தார்கள். ஆணியில் காய்ந்த எலுமிச்சை தொங்கியது. பிளக்குகள் நான்கும் முட்டை அட்டையில் வரிசை மாறாமல் கிடந்தன. பாராட்டத்தக்க ஒழுங்கு. ஐந்தாவது வரியிலிருந்து துரைராஜ் எல்லாவற்றையும் கையேட்டின்படியே செய்திருந்தார்.

பிளக் துளைகளில் துணி அடைத்திருந்தது. உருவினேன். எஞ்சினுக்குள்ளிருந்து பழைய எண்ணெய் வாடை வந்தது.

"அன்னைக்கு இதுக்குக் கல்லு ஏதாச்சும் வெச்சிருந்துதுங்களா?" என்று கேட்டேன்.

சுடலை விளக்கை முன்சக்கரத்துப் பக்கம் தாழ்த்தினார்.

"வச்சதும் நாந்தான் சார். எடுத்ததும் நாந்தான்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தால் சிலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

"ராத்திரி நகருதுன்னு மதினி பயந்தாகன்னு நாந்தான் கல்லு வச்சேன். அன்னைக்கு ஜீப்ப மேட்டுல நிப்பாட்டியிருந்தேன். பேட்டரி கழட்டணும், பானெட்டுக்குள்ள நிக்கணும். என் கல்லு ஒடஞ்சு போச்சு. உள்ள வந்து இத எடுத்துட்டுப் போனேன். அண்ணன் அந்தப் பக்கம் குனிஞ்சு பிளக்கு கழட்டிக்கிட்டு இருந்தாக. சொல்லல. சொல்லணும்னே தோணல சார். கியர்லதானே கெடந்துச்சு?"

"ஸ்டேஷன்ல இதச் சொன்னீங்களா?"

"தள்ளுனியா, தள்ளுனியான்னுதான் கேக்காக. கல்லப் பத்தி யாரும் கேக்கல."

"அந்தம்மாகிட்ட?"

அவர் விளக்கை மறு கைக்கு மாற்றினார். மறுபடி கேட்டார். "கியர்ல கெடந்தா நகராதுல்ல சார்? கல்லு இல்லைன்னாலும்?"

அவர் கேட்டது சந்தேகமல்ல, வேண்டுதல். எனக்குப் பதில் தெரியும். நகராது என்றால் அவர் தள்ளியவர் ஆகிறார். நகரும் என்றால் ஸ்டேஷனிலிருந்து தப்பிக்கிறார், ஆனால் கல்லை எடுத்தவர் ஆகிறார். அந்த மனிதருக்கு இரண்டு கதவுகள் இருந்தன, இரண்டும் ஒரே அறைக்குத்தான் திறந்தன. "ஜீப் பேட்டரியக் கொண்டாங்க, பாத்துறலாம்," என்றேன். பதில் தெரிந்தாலும் அளக்காமல் சொல்லக்கூடாது என்பது என் வியாதி.

நியூட்ரலில் போட்டேன், செங்கல் இருக்கவே இருந்தது, துரைராஜ் செய்ய நினைத்த டெஸ்ட்டை அவருக்காக நான் செய்து முடித்தேன். நான்கில் மூன்று சிலிண்டர்கள் ஒன்றுக்கொன்று சமமாக, ஆனால் குறைவாகக் காட்டின. அந்த உயரத்தில் காற்றே மெலிவு, கேஜும் குறைத்துத்தான் சொல்லும். இதை மறந்து மலையில் நல்ல எஞ்சினைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு. மிச்சம் ஒன்று, வரிசையில் மூன்றாவது, பாதிக்கும் கீழே நின்றது. கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், அது வளையத்தோரக் கசிவை அடைத்து முள் ஏறியது. ஆக, வால்வில் கோளாறு இல்லை. நாள்பட நின்றதில் பிஸ்டன் வளையங்கள் ஒட்டிப்போயிருந்தன.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். வண்டியைக் கியரில் போட்டால் கியர் அதைப் பிடிப்பதில்லை. கியர் வண்டிச் சக்கரத்தையும் பிஸ்டனையும் சேர்த்துக் கட்டுகிறது, அவ்வளவே. சக்கரம் உருள வேண்டுமானால் பிஸ்டன் மேலேறிச் சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றை நசுக்க வேண்டும். சரிவில் ஒரு டன் இரும்பைத் தடுத்து நிறுத்துவது அந்த ஒரு பிடி காற்று. வளையம் கசிந்தால் காற்று மெல்ல ஒழுகும், பிஸ்டன் ஒரு முறை மேடு தாண்டும், வண்டி இரண்டு விரற்கடை நகரும், அடுத்த சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். ராத்திரிகளில் நடந்தது அது. துரைராஜ் அதைக் கண்டுபிடித்தார். அதைச் சோதிப்பதற்காக நான்கு பிளக்குகளையும் கழற்றினார். கழற்றியதும் காற்றுக்கு வாசல் திறந்துவிட்டது. வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்த மிச்சக் கையையும் அவரே எடுத்துவிட்டார், அதன் எதிரே நின்றுகொண்டு.

முத்துலட்சுமியைக் கூப்பிட்டேன். உரச் சாக்குகளில் மண் நிரப்பிச் சுவரோரம் அடுக்கச் சொன்னேன். அவரையும் சுடலையையும் கதவுப் பக்கம் நிறுத்தினேன். பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்தாயிற்று. கார்ச் சாவியை முத்துலட்சுமியின் கையில் கொடுத்தேன். வண்டியை முதல் கியரில் போட்டேன். பக்கவாட்டில் நின்று செங்கற்களை ஒவ்வொன்றாக உருவினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

சுடலை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நிம்மதியும் திகிலும் ஒரே அளவில் இருந்தன.

"நகரல சார்," என்றார் மெதுவாக.

"அவர் சும்மா நிக்கலீங்க. பிளக்குக் கழட்டிக்கிட்டு, வண்டிய ஆட்டிக்கிட்டு இருந்தாரு."

பக்கத்திலிருந்தே பிளக் ஸ்பேனரைத் துளைக்குள் விட்டு, இறுகிய பிளக்கைக் கழற்றுகிறவர் இழுப்பது போல ஒரு இழுப்பு இழுத்தேன். வண்டி லேசாக ஆடி நின்றது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு விலகினேன். அப்போதும் ஒன்றும் இல்லை. நான் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று எனக்கே தோன்றியது.

பிறகு ஒரு பெருமூச்சு கேட்டது.

முதலில் முத்துலட்சுமி என்று நினைத்தேன். எஞ்சினுக்குள்ளிருந்து வந்தது. திறந்த துளை வழியாக ஒரு பிஸ்டன் காற்றை வெளியே தள்ள, இன்னொன்று உள்ளே இழுத்தது. ஹா என்று விட்டது. ஹூ என்று வாங்கியது. நீண்ட நோய்க்குப் பிறகு படுக்கையிலிருந்து எழுகிறவர் விடுகிற மாதிரி. டயர் ஒரு கல்துணுக்கை நொறுக்கியது. விளக்கில்லாத, சாவியில்லாத, பேட்டரியில்லாத அந்தக் கார் எங்கள் கண் முன்னால் நகர்ந்தது. ஹா, ஹூ. ஹா, ஹூ. சரிவு பிடிக்கப் பிடிக்க மூச்சு வேகம் எடுத்தது. மேடேறி ஓடிவருகிற ஆள் இரைப்பது போல இரைத்துக்கொண்டு போய் மண் சாக்கில் மோதி, கடைசியாக ஒரு முறை நீளமாக விட்டு அடங்கியது.

எனக்கு அந்தச் சத்தத்தின் ஒவ்வொரு பாகமும் படம் வரைந்து விளக்கத் தெரியும். அப்படியும் கை மயிர் நட்டுக்கொண்டது. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

முத்துலட்சுமி சாவியை நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"இந்தச் சத்தத்த நான் கேட்டேன்," என்றார். "அன்னைக்கு அடுப்படியில நின்னுக்கிட்டு இருந்தேன். இதேதான். அவுகதான் இரைக்காகன்னு நெனச்சேன். என்னத்தையோ தூக்கிக்கிட்டு மூச்சு வாங்குதாகன்னு..." அடுப்படிப் பக்கம் கை காட்டினார். "அங்க இருந்தே கத்துனேன் சார். 'என்ன, கெழவனுக்கு இரைக்குதோ'ன்னு. கேலிக்கு. பதில் வரல. கோவிச்சுக்கிட்டாகன்னு நான் தோசையத் திருப்பிப் போட்டேன்."

மஞ்சு வாசலுக்குள் ஒரு முழம் வந்து நின்றது.

"ஏன் வெலகல சார் அவுக? அவுகளுக்கும் கேட்டிருக்கும்ல?"

"சாக்கெட்டு கால்வாய்க்குள்ள விழுந்திருக்கணுங்கம்மா. உக்காந்து எடுத்திருக்காரு. கையிலதான் இருந்துதுன்னு சொன்னீங்களே. தலைக்கு மேல சத்தம் கேட்டு எந்திரிக்கறதுக்குள்ள வந்திருக்கும். எந்திரிக்கவும் எடமில்லீங்க."

அவர் தலையசைத்தார். பிறகு முதல் தடவையாகச் சுடலையை நேராகப் பார்த்தார். "அப்ப நீ தள்ளல."

சுடலை விளக்கைத் தரையில் வைத்தார்.

அங்கேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் சௌகரியம். என் வேலை அத்தோடு முடிந்தது. ஆனால் முத்துலட்சுமி வீடு நடத்துகிறவர். எது எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியும். செங்கற்களைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார்.

"இதுக்குக் கல்லு கெடந்துச்சே. இவன்தானே கொண்டாந்து வச்சான். கல்லு இருந்தா நகராதுல்ல சார்? அது எங்க போச்சு?"

என்னைத்தான் கேட்டார்.

இந்த இடத்துக்காகத்தான் இத்தனையும் சொல்லிக்கொண்டு வந்தேன். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுடலை பிழைத்துப்போவார், அந்தம்மாவும் நிம்மதியாக இருப்பார், நானும் வெளிச்சம் இருக்கும்போதே மலை இறங்கலாம். அல்லது தெரிந்ததைச் சொல்லியிருக்கலாம். நம் தொழிலில் கண்டுபிடித்ததைச் சொல்லிக் கைதட்டு வாங்கும் ஆசை கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அது கேஜ் காட்டியதல்ல. ஒரு மனிதர் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னது. அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை, மறைக்கும் உரிமையும் இல்லை.

"எஞ்சினப் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்கம்மா, சொல்றேன்," என்றேன். "கல்லப் பத்தி எஞ்சினுக்குத் தெரியாதுங்க."

சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக் கையைத் துடைத்தேன். துடைக்க ஒன்றுமில்லை. சுடலையை நான் பார்க்கவில்லை. கண்ணால்கூடத் தள்ளிவிடக் கூடாது என்று நினைத்தேன்.

"நாந்தான் எடுத்தேன் மதினி."

குரல் என் பின்னாலிருந்து வந்தது. ஜீப்பை மேட்டில் நிறுத்தியது, கல் உடைந்தது, உள்ளே வந்து எடுத்தது, அண்ணனிடம் சொல்லாதது என்று என்னிடம் சொன்ன எல்லாவற்றையும் அதே வரிசையில் சொன்னார். ஒன்றைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "கியர்லதானே கெடக்குன்னு நெனச்சேன்" என்ற இடத்தில் மட்டும் குரல் தேய்ந்து நின்றது. அதைச் சொல்லிப் பயனில்லை என்று அவருக்கே இப்போது தெரிந்துவிட்டது.

முத்துலட்சுமி அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். நியாயமாக அடித்திருக்கலாம். அவர் வெளியே போனார். திரும்பி வரும்போது இரண்டு கையாலும் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுடலையின் ஜீப்புக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்.

"இதுதானா?"

"இதுதான் மதினி."

"இன்னமும் இதத்தான் வச்சு ஓட்டுதியா?"

"தூரப் போட மனசு வரல. திரும்ப இங்க வைக்கவும் பயமா இருந்துச்சு."

"எடுத்த பொருள எடுத்த எடத்துல வைக்கணும்னு ஒங்க அம்மா ஒனக்குச் சொல்லித்தரலயா?" கல்லைச் சுடலையின் கையில் கொடுத்தார். "வை."

நானும் சுடலையும் ஆளுக்கொரு பக்கம் நின்று காரைப் பின்னுக்குத் தள்ளினோம். தள்ளும்போது அது மறுபடியும் மூச்சுவிட்டது, இம்முறை தலைகீழாக. பழைய சாக்பீஸ் கோட்டுக்கு வந்ததும் நான் பக்கத்திலிருந்து செங்கல் செருகி நிறுத்த, சுடலை மண்டியிட்டு முன்சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்தார். முத்துலட்சுமி காலால் ஒரு முறை உதைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"சார், நீங்க பாத்தத எழுதிக் குடுங்க," என்றார். பிறகு சுடலையிடம்: "ஜீப்ப எடு. ஸ்டேஷனுக்குப் போவோம். நீ கல்லச் சொல்லு. நான் சத்தத்தச் சொல்லுதேன். ரெண்டையும் எழுதிக்கிடட்டும்."

"மதினி, நீங்க எதுக்கு? நீங்க ஒண்ணும்..."

"தோசையத் திருப்புனவ நானு. பேசாம வாடே."

சுடலை பேட்டரியை ஜீப்பில் திரும்ப மாட்ட, முத்துலட்சுமி முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். வண்டி இரண்டு திருப்பம் இறங்கும் வரை விளக்கு தெரிந்தது. பிறகு மஞ்சு.

அறிக்கையில் நான் எழுதியது நீளமில்லை: பிளக்குகள் இல்லாத நிலையில், கியரில் இருந்தாலும், இந்தச் சரிவில் இந்த வண்டி தானாக நகரும், நகர்த்திக் காட்டினேன், சம்பவத்தின்போது சக்கரத்துக்கு அணை இல்லை. அணையை எடுத்தது யார் என்று நான் எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் சொல்லப் போய்விட்டார். போகாமல் இருந்திருந்தால் எழுதியிருப்பேனா என்று கேட்பீர்கள். அப்படி ஒரு நிலை உங்களுக்கு வரும்போது யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு வராமல் போனதற்கு நான் இன்னும் நன்றியோடு இருக்கிறேன்.

அவர்கள் போன பிறகு கொட்டகையில் நானும் அந்தக் காரும்தான். பிளக்குகளை மாட்டிவிட்டுப் போக வேண்டும், வாய் திறந்த எஞ்சினை விட்டுவிட்டுப் போகும் வழக்கம் எனக்கில்லை. நியூட்ரலில் போட்டேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன், அதற்குப் பிடிமானமே இல்லை. நான்கு சக்கரத்துக்கும் செங்கல் வைத்தேன். அந்தக் கல் முன்சக்கரத்தடியில் இருந்தது, போய்க் காலால் உதைத்தும் பார்த்தேன். நான்காவது பிளக்குக்குக் காரின் மூக்கு முன்னால் நின்று கை விட்டால் சுலபம். நான் பக்கவாட்டில் நின்று, வயிற்றை ஃபெண்டரில் அழுத்தி, எட்டி எட்டி மாட்டினேன். அதற்கு இரண்டு மடங்கு நேரம் பிடித்தது.